காவித் தரையும் மூன்று செம்புத் தண்ணீரும்

மூன்றாவது செம்புத் தண்ணீரையும் காலில் ஊற்றிக்கொண்ட அக்கா, செம்பைக் கவிழ்த்து வாசற்படி ஓரமாக வைத்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்பப் போதுங்களா, தம்பி?"

எங்கள் பக்கத்தில் வழியில் போகிறவருக்கெல்லாம் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். ஆனால் கூடப் பிறந்த மூத்தவள், சோறூட்டி வளர்த்த தம்பிக்குப் போட்டால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்திருந்தாலாவது தெரிந்திருக்கும். நான் பார்த்தது அவளுடைய குதிகாலை.

பித்தவெடிப்பு. வெடிப்புக்குள் சிவப்பாக மண். மூன்று செம்புத் தண்ணீருக்கும் அது அசையவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அக்கா. அந்தக் குதிகால் ஓரத்துல மட்டும் சித்த..." என்றேன்.

அக்கா தன் காலைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டாள், யாருடைய காலையோ பார்ப்பதுபோல.

"இது கழுவினாப் போற மண்ணு இல்ல, கண்ணு. நம்ம அப்பன் காட்டு மண்ணு. நான் பருத்தி எடுத்தப்ப ஏறுனது. இதைப் போக்கிட்டுத்தான் உன்ற ஊட்டுக்குள்ள வரோணும்னா, நான் இன்னொரு பொறப்பு எடுத்துத்தான் வரோணும்."

மாடுகளை இன்னும் வண்டியிலிருந்து அவிழ்க்கக்கூட இல்லை. ஏறி உட்கார்ந்தாள். வண்டி அவள் வாழ்க்கைப்பட்ட வெள்ளகோவில் பக்கம் திரும்பிவிட்டது. அவள் கொண்டுவந்த பூசணிக்காய் ஒன்று மட்டும் வாசலில் இருந்தது. ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போய்விட்டாள்.

உள்ளே என் காவித் தரை ஒரு கால் படாமல் பத்திரமாக இருந்தது.

தரை வந்த கதை

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் நான் வீடு கட்டிய பாட்டைப் போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேன். சுவரையும் கூரையையும் பற்றி எழுதியவன் தரையைப் பற்றி மூச்சு விடவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம். சிமிட்டி மூட்டை எங்கள் பக்கத்து மக்களுக்கு அப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருந்தது. அதுவரை யார் வீடானாலும் மண் தரைதான். வெள்ளிக்கிழமை தோறும் சாணி போட்டு மெழுகுவார்கள். கோயமுத்தூரில் ஒரு மில்காரர் வீட்டுக்குப் பருத்தி விஷயமாகப் போனபோது முதல்முதலாகக் காவித் தரையைப் பார்த்தேன். சிமிட்டியோடு காவிப் பொடி கலந்து மேலே ஒரு பூச்சு. குனிந்தால் என் மீசை தெரிந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். பேச்சுக் குறைவு, கை சுத்தம். காவியைச் சலித்து, குழைத்து, பூசி, ஈரம் காய்வதற்குள் கூழாங்கல்லால் தேய் தேய் என்று தேய்த்தார். பிறகு பாத்தி கட்டுவதுபோல ஓரம் கட்டி, தண்ணீர் நிறுத்தி வைத்தார். ஏழு நாளும் என் ஆசாரம் ஒரு சின்னக் குளம். (ஆசாரம் என்றால் எங்கள் பேச்சில் வீட்டின் முன்கூடம்.)

போகும்போது சொன்னார்: "மாசத்துக்கு ஒருக்காத் தேங்காய் எண்ணெயைத் துணியில தொட்டு, தொட்டமா தொடலையான்னு தடவி, அழுத்தித் தொடைச்சு எடுத்துடுங்க. மத்தபடி நடங்க. நடக்க நடக்கத்தான் இதுக்கு மெருகு ஏறும்."

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வாத்தியார் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்குவேன் என்று அப்போதே பெயர். கொத்தனார் சொன்னதில் 'எண்ணெய்' மட்டும் காதில் விழுந்தது.

தரைக்கு எண்ணெய்க் குளியல்

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நம் வழக்கம். உடம்புக்கு நல்லது என்றால் தரைக்கும் நல்லதுதானே? மாசத்துக்கு ஒரு முறைக்கே இத்தனை பளபளப்பு என்றால், வாரத்துக்கு ஒரு முறை செய்தால்? செவ்வாய்க்கும் சேர்த்துச் செய்தால்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே உட்காருவேன். என் மனைவி தெய்வானையைக்கூடத் தொட விட்டதில்லை. முதலில் ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி, பிறகு எண்ணெய். ஒரு கரண்டியில் தொடங்கியது, ஒரு மாதத்தில் அரைப் படிக்கு வந்து நின்றது.

"ஏனுங்க, தலைக்கு வெக்க எண்ணெய் இல்லீங்க," என்றாள் தெய்வானை ஒரு நாள். "எல்லாத்தையும் தரைக்கு வெச்சுப்போட்டீங்க. சடை பின்னிப் பூவும் வெச்சு உடட்டுங்களா?"

நான் சிரிக்கவில்லை. எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை.

ஒரு பாவத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சாமி விளக்குக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த எண்ணெயிலும் இரண்டொரு முறை கை வைத்தேன். கிருத்திகை தவறாமல் மருதமலை ஏறுகிறவன் நான். அந்த வருஷம் படியேறிப் போய்ச் சன்னதியில் நின்று, "முருகா, தரையில கீறல் உழாமப் பாத்துக்கப்பா" என்று வேண்டியிருக்கிறேன். மழை வேண்டும், மாடு கன்று நன்றாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்த வரிசையில் நின்றுதான் கேட்டேன். அவனும் வெட்கப்பட்டிருப்பான்.

எண்ணெய் அதிகமானதும் தரை பிசுபிசுத்தது. காற்றில் வந்த தூசியெல்லாம் அதில் ஒட்டியது. எறும்பு வந்தது. ஒரு நாள் கோழி ஒன்று உள்ளே ஏறி, ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்துக்கொண்டு, பொய்க்கால் கட்டினதுபோல நடந்து வெளியே போனது. அதற்கு நான் கண்ட மருந்து, இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

சாக்கு வழி

பிறகு சாக்கு வந்தது.

மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்குகிற சாக்குகள் வீட்டில் நிறையக் கிடந்தன. அவற்றை உதறி, வாசற்படியிலிருந்து சமையல்கட்டு வரை ஒரு வழியாக விரித்தேன். சமையல்கட்டிலிருந்து சாமி அறைக்கு இன்னொரு வழி. வீட்டு ஆட்கள் அதன்மேல்தான் நடக்க வேண்டும். போகப் போக ஓரங்களும் பயமாக இருந்ததால் அங்கேயும் விரித்தேன். கடைசியில் கட்டிலுக்கு அடியில் மட்டும் தரை தெரிந்தது. வாசலுக்கு யாராவது வந்தால், நான் உள்ளே குனிந்து கட்டிலுக்கு அடியைக் காட்டுவேன்.

எங்கள் மக்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பார்கள். "நெம்ப அழகா இருக்குதுங்க. நாங்க இப்பிடியே வெளிய இருந்துக்கறமுங்க" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீடு கட்டி ஆறு மாதத்தில் என் வீட்டுக்குள் வெளியாள் ஒருவர் கால் வைக்கவில்லை. அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வராத விருந்தாளிகளால் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அக்கா அப்படி இல்லை.

அம்மா போனபோது என் தம்பி நாச்சிமுத்து தவழ்கிற பிள்ளை. அக்கா வள்ளியாத்தா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பருத்தி எடுத்தாள், சோறாக்கினாள், என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினாள். அவள் கலியாணம் தள்ளிப்போனதே எங்களால்தான். அப்பன் நிலத்தில் அவள் எடுத்த அந்தப் பருத்திதான் பின்னாளில் எனக்கு வீடாயிற்று, தரையாயிற்று.

அந்தத் தரையில் வைக்க அவள் கால் போதாமல் போயிற்று.

நாச்சிமுத்து சொன்னது

அக்கா வந்தது சும்மா இல்லை. நாச்சிமுத்துவுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. சீர் பேசத்தான் வந்தாள்.

எங்கள் கலியாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளையின் சகோதரிக்குச் செய்கிற சீர் அது. கூறைச்சேலையின் ஒரு முனை மாப்பிள்ளையிடம், மறு முனை சகோதரியிடம். இனி ஒருத்தி வீட்டுக்கு வந்தாலும் கூடப் பிறந்தவளின் பாத்தியதை போகாது என்று ஊரறியச் சொல்கிற சடங்கு. அது நடக்காமல் மாப்பிள்ளை மணவறைக்குப் போக முடியாது.

சொந்தச் சகோதரி இல்லாதவர்கள் பங்காளி மகளை நிறுத்துவது வழக்கம். கோபித்துப் போன அக்கா வராவிட்டால் அப்படிச் செய்யலாம் என்று நானும் நாச்சிமுத்துவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

நாச்சிமுத்து அதிர்ந்து பேசாதவன். அன்றைக்கும் அதிராமல்தான் பேசினான்.

"அக்கா உசுரோட இருக்கறப்ப இன்னொருத்தரை நிறுத்தச் சொல்றீங்க. சரிங்கண்ணா. எனக்குக் கலியாணம் வேண்டாமுங்க. முகூர்த்தத்தை வீணாக்க வேண்டாம், அந்தத் தரைக்கே நீங்க தாலியக் கட்டிப்போடுங்க. எப்பிடியும் எண்ணெய் வெச்சாச்சு."

தெய்வானை சமையல்கட்டில் சிரிப்பை அடக்குவது கேட்டது. பிறகு அவளே வெளியே வந்து, வாசலில் இருந்த பூசணிக்காயைத் தூக்கி உறியில் வைத்தாள்.

"இதை இப்ப அறுக்க மாட்டேனுங்க. கொண்டாந்த நங்கையா இந்த ஊட்டுல உக்காந்து சாப்படற அன்னிக்குத்தான் இதுல அருவாமணை படும்," என்றாள். நாத்தனாரை நங்கையா என்பது எங்கள் முறை.

வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம். ஆண்டவனுக்கு இருவரும் மனைவியர். எனக்கு ஒருத்தி அக்கா, ஒருத்தி மனைவி. அவனுக்கு எப்படியோ தெரியாது, எனக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. மறுநாள் விடியலில் வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன்.

வெள்ளகோவிலில் என் கால்

பஸ்ஸை விட்டு இறங்கிக் காட்டு வழியே நடந்து போய்ச் சேர்ந்தேன். மச்சான் மாடு கட்டுகிற கட்டுத்தரையில் காளைகளுக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வாங்க தம்பி. காலைக் கழுவுங்க."

கழுவினேன். அக்கா குனிந்து பார்த்தாள்.

"இன்னொருக்கா."

கழுவினேன்.

"குதிகால் ஓரத்துல மட்டும் சித்த."

மூன்றாவது செம்பும் ஆயிற்று. மச்சான் கையில் தீனியோடு நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங் மாப்பிள்ளை, இதுக்கு நேரா ஆத்துலயே எறங்கி வந்துருக்கலாமுங்களே?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அக்கா அவரிடம் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தம்பியை விட்டுக் கொடுக்காமல் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"இன்னொரு செம்பு தாங்க, அக்கா," என்றேன். "எனக்கு மூணு பத்தாதுங்க."

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உள்ள வாடா," என்றாள்.

அந்த 'டா' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது.

கம்மஞ்சோறும் மோரும் போட்டாள். சாணி மெழுகிய தரை சில்லென்று இருந்தது. நான் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவியதும் சொன்னாள்:

"வாரேன். ஆனா ஒண்ணு. இணைச்சீரு பந்தல்ல வேண்டாம், உன்ற ஆசாரத்துல நடக்கோணும். சாணி போடாத தரையில சீரு நடந்ததா நம்ம சனத்துல இல்ல. அந்தத் தரை முச்சூடும் நானே என்ற கையால மொழுகுவேன். சம்மதமா?"

"சம்மதமுங்க," என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கண்ணீர் வந்தது. அக்கா மன்னித்துவிட்டாளே என்று வந்ததா, தரை போகப்போகிறதே என்று வந்ததா, இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

சாக்கைத் தூக்கினாள்

கலியாணத்துக்கு முதல் நாள் காலையில் அக்காவின் வண்டி வந்தது. வண்டியில் ஒரு கூடைச் சாணி. தன் கட்டுத்தரைச் சாணியையே கொண்டுவந்திருந்தாள். என் வீட்டு மாடும் என் கட்சியாக இருக்கும் என்று சந்தேகம் போல.

வாசலில் செம்பைத் தேடினாள். அவள் கண்ணில் படக்கூடாது என்று நான் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

"செம்பு எங்கடா?"

"வேண்டாமுங்க அக்கா, நீங்க அப்பிடியே வாங்க."

"நல்ல நாளும் அதுவுமா காலைக் கழுவாம உள்ள வாரதா? கொண்டா."

ஒரே ஒரு செம்பு. நான்தான் ஊற்றினேன். வெடிப்பும் மண்ணும் அப்படியே இருந்தன. படி ஏறி உள்ளே வந்தாள்.

அருமைக்காரர் வந்திருந்தார். எங்கள் கலியாணங்களில் சீர்களை நடத்திவைக்கிற பெரியவர் அவர். சொந்தக்காரர்கள் சுவரோரமாக நின்றார்கள். பாதிப் பேர் என் வீட்டுக்குள் வந்தது அன்றைக்குத்தான். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சாணிக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் நடு ஆசாரத்துச் சாக்கைச் சரக்கென்று இழுத்தாள். அது தரையை விட்டுப் பிய்ந்துகொண்டு வந்தது.



ஆறு மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்த தரையில், சாக்கின் நெசவு ஒவ்வொரு இழையாகப் பதிந்திருந்தது. நான் ஊற்றிய எண்ணெய் அத்தனையும் சாக்கு அழுக்கைக் குடித்து அச்சுப் போட்டிருந்தது. அது போதாதென்று, நட்டநடுவில் நீலமாக ஒரு யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பருத்திக்கொட்டை மண்டிக்காரர் சாக்கின்மேல் மையால் குத்துகிற யானை அது. அந்தப் பக்கத்தைக் கீழே போட்டு விரித்திருக்கிறேன்.

"பிள்ளையாரப்பா!" என்றார் அருமைக்காரர். கை தலைக்கு மேல் போயிற்று. "தானா எழுந்திருச்சு வந்துட்டாரு பாருங்க!"

சுவரோரம் நின்ற அத்தனை பேரும் கும்பிட்டார்கள். யாரோ சூடம் கேட்டார்கள். தெய்வானை என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பிரித்துத் தினமும் மாட்டுக்கு வைக்கிறவள் அவள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் நானும் ஒரு பக்திமானாகக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

அக்கா சாணிக் கையோடு அந்த யானையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மூஞ்சி எப்படி இருந்ததோ தெரியாது.

"சாமி இருக்கற எடத்துல முச்சூடும் மொழுகறது மொறையில்ல," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "ஒரு சாண் போதும்."

யானைக்குப் பக்கத்தில், தான் நிற்கிற அளவுக்கு மட்டும் மெழுகினாள். மிச்சச் சாணியைப் பிடித்துப் பிள்ளையாராக்கி, அறுகம்புல் செருகி, யானையின் முதுகிலேயே வைத்தாள். இணைச்சீர் அங்கேதான் நடந்தது. கூறைச்சேலையின் ஒரு முனையில் நாச்சிமுத்து, மறு முனையில் அக்கா. அவன் நல்ல நேரத்தில் கண் கலங்கக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பூசணிக்காய்

கலியாணம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மூன்றாம் நாள் மத்தியானம் தெய்வானை பூசணிக்காயை அறுத்தாள். அக்கா ஆசாரத்தின் நடுவில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். பிறகு காலை நீட்டிக்கொண்டு வெற்றிலை போட்டாள். சாக்கெல்லாம் கட்டுத்தரைக்குப் போய்விட்டது. இரண்டு நாள் கூட்டம் நடந்த நடையில் பிசுக்கு தேய்ந்து, அங்கங்கே காவி கண் திறந்திருந்தது. நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும் என்று கொத்தனார் சொன்னதன் மறுபாதி அப்போதுதான் என் காதில் விழுந்தது.

எனக்கு மனசு உறுத்தியது. "அக்கா, ஒண்ணு சொல்லோணுங்க. அது பிள்ளையாரு இல்லீங்க," என்றேன்.

"பருத்திக்கொட்டைச் சாக்கு," என்றாள் அக்கா, வெற்றிலை வாயோடு. "எங்க கட்டுத்தரையில அதே யானை எத்தனை கெடக்குது. உன்ற மச்சான் வேற எங்க வாங்கறாரு?"

"தெரிஞ்சுமா உட்டுட்டீங்க?"

"நான் கேட்டது அதுல நிக்க ஒரு எடந்தானடா. தரையையா கேட்டேன்?"

நான் அவள் காலைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். வலது குதிகாலை என் தரையில் அழுத்தி வைத்து, ஒரு முழம் நீளத்துக்கு இழுத்துத் தேய்த்தாள். பிறகு காலை எடுத்தாள்.

"பாரு," என்றாள். "ஒட்டலை."

குனிந்து பார்த்தேன். ஒரு கோடு இல்லை, ஒரு பொட்டு இல்லை. அந்த மண் அவள் காலை விட்டு எங்கேயும் போகவில்லை.